பத்துப் பன்னிரண்டு நாளில் எத்தனை ஊர்? ஐரோப்பாவில் ரயிலில் சுற்றுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று முறை போய்வந்த பிறகு, சொந்தக்காரர்களில் தொடங்கி அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் வரை எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொரு முறையும் போனில் முக்கால் மணி நேரம் போகிறது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி வைத்து, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். பயண நேரங்கள் எல்லாம் தோராயம். ஒவ்வொரு டிசம்பர் நடுவிலும் ஐரோப்பிய ரயில்களின் கால அட்டவணை மாறும், ஆகவே தேதி முடிவானதும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

லீவு 12 நாள் இருக்கு. அப்போ 12 நாளைப் பிரிச்சா போதுமா?

போதாது. நாளை விட்டுவிட்டு ராத்திரியை எண்ணுங்கள். முதல் நாள் விடியற்காலை சென்னையில் விமானம் ஏறி, வளைகுடாவில் மாறி, சாயங்காலம் பாரிஸில் இறங்குகிறீர்கள். பதினோராம் நாள் திரும்ப ஏறி, பன்னிரண்டாம் நாள் வீடு வந்து சேர்கிறீர்கள். ஐரோப்பாவில் நீங்கள் படுத்துத் தூங்குவது 10 ராத்திரி. நடுவில் கிடைக்கும் முழுப் பகல் 9.

அதிலும் ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாளைக் கழிக்க வேண்டும். நாலு ஊர் என்றால் மூன்று மாற்றம், ஒன்றரை நாள் காலி. பன்னிரண்டு என்று ஆரம்பித்தது ஏழரையில் வந்து நிற்கிறது. ஏழரை என்றதும் சிரிக்காதீர்கள், கணக்கு அப்படித்தான் வருகிறது.

ரயில் ரெண்டு மணி நேரம்தான், அதுக்கு ஏன் அரை நாள் போகும்?

வெனிஸிலிருந்து ஃபிளாரன்ஸ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூட. சரி. ஆனால் காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரம் எண் பலகையில் வரும்வரை நின்று, இறங்கிய ஊரில் ஓட்டலைத் தேடிப்பிடித்து, அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும் என்பதால் பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு வெளியே வருவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிடும். ரயில் நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு இதுவரை இந்தக் கணக்கு பெரிதாகத் தவறியதில்லை.

பிரான்சின் டிஜிவி என்ற அதிவேக ரயில்களில் புறப்படுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கதவு மூடிவிடும். பாரிஸ் கார் து லியோன் ஸ்டேஷனில் ஒன்றுக்கு மேற்பட்ட ஹால்கள் உண்டு. நாங்கள் தப்பான ஹாலில் காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஓடிப் போய்ப் பார்த்தபோது ரயில் கண்ணெதிரே நிற்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, தப்பு எங்களுடையது. அடுத்த ரயிலுக்குப் புது டிக்கெட் எடுத்த காசில் இரண்டு நாள் சாப்பிட்டிருக்கலாம்.

ஒரு ஊருக்குக் குறைஞ்சது எத்தனை ராத்திரி வைக்கணும்?

இரண்டு. இரண்டு ராத்திரி தங்கினால்தான் ஒரு முழுப் பகல் கிடைக்கும். ஒரே ராத்திரி தங்கினால் வந்த களைப்பும் போகும் அவசரமும்தான் மிச்சம். இதற்கு நான் தரும் ஒரே விலக்கு வெனிஸ். பகல் முழுக்கத் திருவிழாக் கூட்டம். பகலில் மட்டும் வந்து போகிறவர்கள் கிளம்பிய பிறகும், மறுநாள் காலை அவர்கள் வருவதற்கு முன்பும்தான் அந்த ஊர் ஊராக இருக்கிறது. அதற்கு ஒரு ராத்திரி போதும். ஆனால் தீவுக்குள்ளேயே தங்க வேண்டும். விலை குறைவு என்று கரையில் மெஸ்த்ரேயில் அறை எடுத்தால், நான் சொன்ன அந்த நேரங்களில் நீங்கள் மெஸ்த்ரேயில் இருப்பீர்கள்.

பாரிஸ், ரோம், லண்டன் ஒவ்வொன்றுக்கும் நாலு ராத்திரி நல்லது, மூன்றுக்குக் கீழே போகாதீர்கள். வியன்னா, பிராக், ஆம்ஸ்டர்டாம் இரண்டு அல்லது மூன்று. ஃபிளாரன்ஸ் இரண்டு. மிலான், பிரஸ்ஸல்ஸ் இரண்டிலும் தங்கவே வேண்டாம், வழியில் பார்த்துவிட்டுப் போகலாம். மிலான்காரர்கள் அடிக்க வருவார்கள், ஆனாலும் என் கணக்கு அதுதான்.

பாரிஸ், சுவிஸ், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் அஞ்சும் பார்க்கணும். 12 ராத்திரி இருக்கு. எப்படிப் பிரிக்கிறது?

நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் கேட்பது இந்தப் பாதையைத்தான். நான் போட்டுத் தருவது: பாரிஸ் 4, சுவிஸில் லூசர்ன் 3, ஃபிளாரன்ஸ் 2, ரோம் 3. வெனிஸைக் காணோமே என்பார்கள். வெனிஸ் வேண்டும் என்றால் பாரிஸில் ஒன்றைக் குறைத்து வெனிஸுக்குக் கொடுக்கலாம், ஆனால் ஒரு ஊர்மாற்றம் கூடி இன்னொரு அரை நாள் போகும். ஆக வெனிஸின் விலை ஒன்றரை நாள். அதைத் தெரிந்துகொண்டு சேர்த்தால் சரி.

பாரிஸிலிருந்து பாசல் மூன்று மணி நேரம், அங்கே மாறி லூசர்ன் ஒரு மணி நேரம். லூசர்னிலிருந்து கோத்தார்டு மலையைக் கடந்து மிலான் சுமார் மூன்றேகால் மணி. 2016இல் திறந்த கோத்தார்டு அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர் நீளம், உள்ளே போனால் இருபது நிமிடம் இருட்டுதான். மிலானிலிருந்து ஃபிளாரன்ஸ் இரண்டு மணி நேரம், ஃபிளாரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை. இதில் லூசர்ன்–ஃபிளாரன்ஸ் நாள் மட்டும்தான் கனமானது. அன்றைக்கு வேறு எதையும் வைக்காதீர்கள்.

பாரிஸ்லயே இறங்கி பாரிஸ்லயே ஏறினா டிக்கெட் மலிவா இருக்கே?

சில சமயம் மலிவுதான். ஆனால் ரோமிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் திரும்புவதற்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் வேண்டும். அந்த நாளின் ஓட்டல், சாப்பாடு, ரயில் டிக்கெட் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள். விமான டிக்கெட் தேடும்போது போக, வர என்று போடாமல் பல ஊர் என்ற தேர்வைப் போட்டு, போக சென்னை–பாரிஸ், வர ரோம்–சென்னை என்று பாருங்கள். பெரும்பாலும் வித்தியாசம் பயந்த அளவுக்கு இருக்காது.

ஒரே ஊர்ல ரூம் போட்டுட்டு தினம் ஒரு ஊர் போய்ட்டு வரலாமா?

தாராளமாக. பெட்டியைத் தூக்காத ஊர்மாற்றத்துக்கு அரை நாள் கழிக்க வேண்டியதில்லை. ஃபிளாரன்ஸிலிருந்து பீசா ஒரு மணி நேரம், பொலோன்யா நாற்பது நிமிடத்துக்குள். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிடம், அங்கே உள்ளூர் ரயிலில் மாறினால் பொம்பெயி. வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், வேறு நாடே வந்துவிடும். மியூனிக்கில் இருந்துகொண்டு சால்ஸ்பர்க் போய் வரலாம்.

போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரை இப்படி வைக்காதீர்கள். பாரிஸிலிருந்து ஒரே நாளில் ஆம்ஸ்டர்டாம் போய் வரலாமா என்று ஒருவர் கேட்டார். போக மூன்றேகால் மணிக்கு மேல், வர அதே அளவு. கால்வாயை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பெட்டியோட வழியில ஒரு ஊர்ல இறங்கி நாலு மணி நேரம் சுத்த முடியுமா?

முடியும், நான் விரும்பிச் செய்வதும் இதுதான். ஸ்டேஷனிலேயே லாக்கரோ பெட்டி வைக்கும் கவுன்டரோ இருக்கும். இதற்கென்றே கட்டியதுபோல இருக்கும் ஊர் கொலோன். ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால் கதீட்ரல் தலைக்கு மேலே நிற்கிறது. மிலானில் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோவில் பத்து நிமிடத்தில் துவோமோ கதீட்ரல். மிலான்–வெனிஸ் வழியில் வெரோனா.

ஒரு எச்சரிக்கை. இத்தாலி, பிரான்சின் அதிவேக ரயில்களில் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். நடுவில் இறங்கி அடுத்த வண்டியில் ஏற முடியாது. இரண்டு துண்டாக, தனித்தனி டிக்கெட்டாக எடுங்கள்.

நைட் டிரெயின்ல போனா ஒரு நாள் மிச்சம், ஓட்டல் காசும் மிச்சம். சரிதானே?

பாதி சரி. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் வியன்னாவிலிருந்து வெனிஸ், ரோம், சூரிக் எல்லாம் போகிறது. இருக்கை, படுக்கை, தனி அறை என்று மூன்று வகை. தனி அறையின் விலையைப் பார்த்தால் ஓட்டல் காசு மிச்சம் என்ற பேச்சு நின்றுவிடும். இருக்கையில் உட்கார்ந்து போனால் காசு மிச்சம், மறுநாள் காலி. காலை எட்டு மணிக்கு இறங்கிக் குளிக்காமல், மூன்று மணிவரை அறையும் இல்லாமல் திரிவதை நாள் மிச்சம் என்று எழுதாதீர்கள்.

வயது இருபத்தைந்துக்குக் கீழே என்றால் மேலே சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. ஏறிவிடுங்கள்.

யூரெயில் பாஸ் எடுத்தா எத்தனை ஊர் வேணா போகலாமே?

அதுதான் அதில் உள்ள ஆபத்து. பாஸ் கையில் இருந்தால் காசு வீணாகிவிடுமே என்று ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போவோம். மேலே உள்ள 12 ராத்திரிப் பாதையில் பெரிய ரயில் நாள் மூன்றே மூன்று. அதற்கு முன்கூட்டியே தனி டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் மலிவாக முடியும். தவிர டிஜிவி, யூரோஸ்டார், இத்தாலிய அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷனுக்குத் தனிக் காசு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான ரயில்களில் அது கட்டாயமில்லை, அங்கே தினம் சுற்றுகிறவர்களுக்குப் பாஸ் லாபம்.

சுவிஸ் கதை வேறு. லூசர்னில் மூன்று ராத்திரி என்றால் சுவிஸ் டிராவல் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அடங்கும், ரிகி மலை ரயிலும் அடங்கும்.

ஷெங்கன் விசா எந்த நாட்டுக்குப் போடணும்? முதல்ல இறங்குறது பாரிஸ்தானே?

ஷெங்கன் என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா. அதில் இறங்கும் நாடு என்பது இரண்டாவது விதி. முதல் விதி, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாடு. மேலே உள்ள பாதையில் பிரான்ஸ் 4, சுவிஸ் 3, இத்தாலி 2+3=5. ஆக இத்தாலிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், பாரிஸில் இறங்கினாலும். வெனிஸுக்காகப் பாரிஸில் ஒன்றைக் குறைத்தால் இத்தாலி 6 ஆகும், விடை மாறாது. எண்ணிக்கை சமமாக வந்தால்தான் முதலில் நுழையும் நாடு.

அதனால் நாள் பிரிப்பது முடிந்த பிறகே விசா அப்பாயின்ட்மென்ட் பக்கம் போங்கள். சிலர் எங்கே அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதோ அந்த நாட்டைப் பிடித்துவிட்டு, அதற்கேற்றபடி ராத்திரிகளை நகர்த்துகிறார்கள். உண்மையிலேயே அப்படித் தங்கப் போகிறீர்கள் என்றால் தவறில்லை. காகிதத்தில் ஒன்று, கால் வேறு பக்கம் என்று மட்டும் வேண்டாம்.

விசா வராம ரயில் டிக்கெட் எப்படி எடுக்கிறது? ஆனா லேட்டா எடுத்தா விலை ஏறுதே?

ஓட்டல்களை ரத்து செய்யக்கூடியதாகப் போடுங்கள். ரயிலில், முன்கூட்டி எடுத்தால் மலிவு என்பது முக்கியமாகப் பாரிஸ்–பாசல் போன்ற டிஜிவி ஓட்டத்துக்கும் இத்தாலியின் அதிவேக ரயில்களுக்கும்தான். விசா கையில் வந்த அன்றே இவற்றை இந்த வரிசையில் எடுத்துவிடுங்கள். சுவிஸுக்குள் ஓடும் சாதாரண டிக்கெட்டுக்கு விலை ஏறாது, ஸ்டேஷனில் போய் எடுத்துக்கொள்ளலாம். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சீக்கிரம் போட்டால் இந்தச் சிக்கலே பாதி குறையும்.

பாரிஸ், ரோம் எல்லாம் பார்த்தாச்சு. பிராக், வியன்னா, புடாபெஸ்ட் எட்டு ராத்திரியில முடியுமா?

அழகாக முடியும். பிராக் 3, வியன்னா 3, புடாபெஸ்ட் 2. பிராக்–வியன்னா நாலு மணி, வியன்னா–புடாபெஸ்ட் இரண்டே முக்கால். ஒரே கோட்டில் கீழே இறங்கிக்கொண்டே போகலாம், திரும்பி வரும் வேலையே இல்லை. ரயில் பயணத்துக்கென்றே வரைந்த பாதை இது. என்னைக் கேட்டால் முதல் பயணத்தையே இங்கே வைக்கலாம், ஆனால் ஈபிள் கோபுரம் இல்லாமல் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

விசா விதி இங்கே வேடிக்கையாக வேலை செய்யும். செக் 3, ஆஸ்திரியா 3, சமம். ஆகவே முதலில் நுழையும் செக் நாடு. பாதையைத் தலைகீழாகப் போட்டுப் புடாபெஸ்டில் இறங்கினால் இன்னும் குழப்பம். இப்படிக் குழப்பம் வந்தால் ஒரு ராத்திரியை எந்தப் பக்கமாவது நகர்த்திச் சமத்தை உடைத்துவிடுங்கள்.

எந்தக் கிழமையில எந்த ஊர்ல இருக்கணும்னு பார்க்கணுமா?

கட்டாயம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, ஃபிளாரன்ஸின் உஃபிசி ஓவியக்கூடம் மூன்றும் திங்கள் விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஃபிளாரன்ஸில் இரண்டு ராத்திரி, அதாவது ஒரே முழுப் பகல். அது திங்களாக அமைந்தால் உஃபிசி போச்சு. இந்த ஒரு காரணத்துக்காகவே என் அக்கா குடும்பத்தின் மொத்தப் பயணத்தையும் ஒரு நாள் முன்னே தள்ளினோம்.

சுவிஸ்ல மழை வந்தா மலை ஒண்ணும் தெரியாதாமே?

தெரியாது. வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான், அதுவும் பெரிய தொகை கொடுத்து. அதனால்தான் லூசர்னுக்கு மூன்று ராத்திரி வைத்தேன், இரண்டு முழுப் பகல் இருந்தால் தெளிவாக இருப்பதை மலைக்குக் கொடுக்கலாம். மலை உச்சிகளில் கேமரா வைத்து இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். மேகமாக இருந்தால் அன்றைக்கு ஏரிப் படகு.

யுங்ஃப்ராவ்யோஹ் பனிமலைக்குப் போக வேண்டும் என்றால் இன்டர்லாகன் பக்கம் தங்குவது வசதி. அது 3,454 மீட்டர் உயரம். மூச்சு, இதயத் தொந்தரவு உள்ள பெரியவர்கள் கிளம்புமுன் மருத்துவரைக் கேளுங்கள். 1871இல் ஓட ஆரம்பித்த ரிகி ரயில் அவர்களுக்கு இதமாக இருக்கும், ஏறுவதும் படகிலிருந்து இறங்கிய இடத்திலேயே.

அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறோம். இந்தக் கணக்கே போதுமா?

ஒரு ஊரைக் குறையுங்கள். ஊர்மாற்றத்துக்கு அரை நாள் என்று சொன்னதை அவர்களுக்கு முக்கால் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். வெனிஸில் பாலம் என்றாலே படிக்கட்டு, பெட்டியோடு ஏறி இறங்க முடியாது. ஓட்டலை ஸ்டேஷனுக்கோ படகுத் துறைக்கோ பக்கத்தில் எடுங்கள்.

சாப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை. பாரிஸில் கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பேல். ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும், தமிழ்ப் பலகைகளைப் பார்த்ததுமே என் அம்மாவுக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது. நாலாம் நாள் சோறு கேட்பார்கள், அதற்கு முன்னால் அழைத்துப் போய்விடுங்கள்.

ரயில் லேட் ஆனாலோ ஸ்ட்ரைக் வந்தாலோ எல்லாம் குலைஞ்சிடுமே?

ஜெர்மனி நேரம் தவறாது என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 2024இல் அங்கே தொலைதூர ரயில்களில் சுமார் 62 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை நேரம் என்றே கணக்கு வைத்து. ஜெர்மனியில் வண்டி மாற அரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வையுங்கள். இத்தாலியில் ஸ்ட்ரைக் முன்பே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும் என்று விதி.

நான் விடாமல் பிடிக்கும் ஒன்று: விமானம் ஏறும் ஊரில்தான் கடைசி ராத்திரி. காலையில் ஃபிளாரன்ஸில் ரயில் பிடித்து மதியம் ரோமில் விமானம் என்று யாராவது போட்டுக் காட்டினால், அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

லண்டனையும் சேர்த்துக்கலாமா? பாரிஸ்லேர்ந்து ரெண்டு மணி நேரம்தானாம்?

யூரோஸ்டாரில் இரண்டே கால் மணிதான். ஆனால் பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, தனி விசா, தனிக் கட்டணம். ஏறும் முன்னே பாஸ்போர்ட் சோதனை, பெட்டிச் சோதனை எல்லாம் உண்டு, ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். லண்டனைப் பயணத்தின் முதலிலோ கடைசியிலோ வையுங்கள். பாரிஸ், லண்டன், பிறகு ரோம் என்று நடுவில் வைத்தால் ஷெங்கனுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா இருந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.

டிசம்பர்ல போறோம். ஏதாவது மாத்தணுமா?

பகல் சுருங்கிவிடும். ஆம்ஸ்டர்டாமில் ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஊர்மாற்றம் அரை நாள் சாப்பிட்டால் வந்து சேரும்போது இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் சந்தைகள் இருட்டில்தான் அழகு என்பதால் அது ஒன்றும் நஷ்டமில்லை, ஆனால் மலையும் கோட்டையும் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ஊரைக் குறைத்தே ஆக வேண்டும்.

எல்லாம் போட்டுட்டேன். ஒரு ராத்திரி மிஞ்சுது. எங்கே சேர்க்கிறது?

புது ஊர் சேர்க்காதீர்கள், மிஞ்சிய ராத்திரி அந்த ஊர்மாற்றத்திலேயே பாதி கரைந்துவிடும். பாதையில் மழைக்குப் பயப்படும் ஊர் இருந்தால் அதற்கு. இல்லையென்றால் கடைசி ஊருக்கு. ரோமில் நாலாவது ராத்திரி கிடைத்தபோது நாங்கள் எதுவும் திட்டமிடவில்லை. துணி துவைத்தோம், மதியம்வரை தூங்கினோம், சாயங்காலம் திராஸ்தேவெரேயில் ஒரு கிணறு போன்ற சின்ன முற்றத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து போட்டோக்களைப் பார்த்தால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நாளில்தான்.